கேரவன் கூரை ஒழுகினால், பட்டறை நாள் வரும் வரை என்ன செய்யலாம்?

பிரிட்டனில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து இலையுதிர் காலம் தொடங்கியதுமே கேரவன் கூரைக் கசிவு பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைய, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கினோம். கடந்த வார மழையில், முன்பக்க மேல் அலமாரியின் மூலையில் நீர் சொட்ட ஆரம்பித்தது. பட்டறையில் ஆறு வாரம் கழித்துத்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஒரு குழாய் சிலிக்கான் அடைப்புப் பசை வாங்கி மேலே பூசிவிட்டால் போதும் என்கிறார். அதுவரை நாங்களாகவே கசிவை நிறுத்திவைக்க வழி உண்டா? (வாசகி, லெஸ்டர்)

பதில்: வழி உண்டு, சகோதரி. ஆறு வாரம் மழையில் நனைந்தால் மரச்சட்டம் நீரை நன்றாகக் குடித்துவிடும் என்பதால், ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இப்போது செய்யும் வேலை எதுவாக இருந்தாலும், பட்டறைக்காரர் அதைப் பின்னர் எளிதாக உரித்து எடுக்கும்படி இருக்க வேண்டும். சிலிக்கான் அப்படி உரிந்து வராது. அதனால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். விவரத்தைக் கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மின்சாரத்தைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நீர் சொட்டும் இடத்துக்கு அருகில் 12 வோல்ட் விளக்கோ ஸ்பீக்கரோ இருந்தால், அதற்குரிய ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். பிறகு அலமாரியைக் காலி செய்து, சொட்டு விழும் புள்ளியில் ஒரு பருத்தி நூலின் முனையை ஒட்டி, மறுமுனையை வாளிக்குள் தொங்கவிடுங்கள். நீர் தெறிக்காமல் நூலைப் பிடித்துக்கொண்டே வாளிக்குள் இறங்கிவிடும். மெத்தைகளை வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுவது நல்லது; அவை ஒருமுறை பூசணம் பிடித்தால் அந்த வாடை எளிதில் போகாது.

அடுத்ததாக, நீர் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் செலவிடும் நேரத்தைக் குறைக்கவே கூடாது. உங்கள் கேரவனின் வயதுக்கு, அதன் சுவரும் கூரையும் பெரும்பாலும் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மோகோலும், உள்ளே சுமார் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட் என்று அடுக்கப்பட்டிருக்கும். தகட்டைக் கடந்து உள்ளே வந்த நீர் நேராகக் கீழே விழாமல், தெர்மோகோலின் ஓரமாக வழிந்து, சட்டத்தின் மேல் ஓடி, இடைவெளி கிடைக்கும் இடத்தில் வெளிப்படும். கேரவன் நிற்கும் தரையைப் பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்தால், நடுக்கூரையில் நுழைந்த நீர்கூட முன் மூலைக்கு வந்துதான் சொட்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது ஆனிங் ரயிலைத்தான். பக்கச் சுவரும் கூரையும் சேரும் விளிம்பு நெடுகிலும், முன்கூடாரத் துணியைச் செருகுவதற்காகப் பொருத்தப்பட்டிருக்கும் அலுமினியப் பட்டை அது. அதன் அடியில் நீர் புகாமல் அடைக்கப் பூசியிருக்கும் மாஸ்டிக் என்ற மென்பசை பல ஆண்டுகளில் காய்ந்து சுருங்கிவிடும். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகாணிகள் துருப்பிடிக்கும். அந்தத் துளைகள் வழியாக நீர் நேரே மரத்துக்குள் இறங்கும். பட்டறையில் இந்த ரயிலைக் கழற்றும்போது, திருகாணியின் தலை மட்டும் கையோடு வர, தண்டு பழுப்புத் துருப்பொடியாக உள்ளேயே தங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சுற்றியுள்ள மரத்தை நகத்தால் கீறினால் ஈரக் காப்பித்தூள் போல உதிரும். ரயிலுக்கு அடுத்தபடியாகக் கூரை ஜன்னல்களின் சட்டம், டிவி ஆன்டெனாவின் அடிப்பாகம், சோலார் பேனலின் கேபிள் உள்ளே நுழையும் இடம், முன்பக்க மேல் மூலைகளின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே, அலமாரிக்குள் கையை விட்டுச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ப்ளைவுட் மெத்தென்று அமுங்கும் இடம் நீண்ட நாளாக நனைந்துகொண்டிருக்கும் இடம் என்று கொள்ளலாம்.

மழையில்லாத ஒரு நாளில், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர, இன்னொருவர் வெளியே தோட்டக் குழாயால் மெல்ல நீர் விடட்டும். முதலில் ஜன்னல் மட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, படிப்படியாக மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரை மேல் நீரைக் கொட்டினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எது ஒழுகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரஷர் வாஷரைத் தொடவே வேண்டாம். மழைக்கு ஒழுகாத இணைப்புகளையும் அது ஒழுக வைத்துவிடும்.

கூரை மேல் ஏறி நிற்காதீர்கள். இந்த வகைக் கேரவன்களின் கூரை ஒரு மனிதரின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. கால் வைத்த இடத்தில் தகடு குழிந்தால், அங்கே நீர் தேங்கிப் புதிய கசிவு தொடங்கும். தானாக நிற்கும் மடிப்பு ஏணியைச் சமதளத்தில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, கைக்கு எட்டும் தூரம் வரை மட்டும் வேலை செய்யுங்கள். கூரையின் உயரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அங்கிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இடம் தெரிந்த பிறகு அடைப்பதற்கு நான் சொல்வது, அலுமினியத் தாளை முதுகாகக் கொண்ட பியூட்டைல் டேப். கட்டடப் பொருள் கடைகளில் 5 முதல் 10 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். வீட்டுக் கூரைகளுக்கு விற்கப்படும் கறுப்புத் தார் டேப்பும் அதே அடுக்கில்தான் இருக்கும். அது நீரைத் தடுக்கும் என்றாலும், எடுக்கும்போது தார்ப்பிசினைத் தகட்டிலேயே விட்டுவிடும் என்பதால், வேறு எதுவும் கிடைக்காதபோது மட்டுமே அதை நாடுங்கள்.

டேப் ஒட்டுமா ஒட்டாதா என்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் செய்யும் துப்புரவைப் பொறுத்தது. பாசியையும் அழுக்கையும் சோப்பு நீரால் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் வேண்டாம். கேரவனின் ஜன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை. அவற்றில் ஒரு துளி பட்டாலும் நுண்ணிய வெடிப்புகள் ஓடிவிடும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் காலையில் பெரும்பாலான டேப்கள் சரியாகப் பிடிக்காது. நண்பகலில், டேப் சுருளை வீட்டுக்குள் சூடான இடத்தில் வைத்திருந்து எடுத்து வந்து ஒட்டுவது உத்தமம். தகடு குளிர்ந்து கிடந்தால் ஹேர் டிரையரால் இலேசாகச் சூடாக்கலாம்.

ஒட்டும்போது, விரிசலின் இரு முனைகளையும் குறைந்தது 5 சென்டிமீட்டர் தாண்டி நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகளைக் கத்திரிக்கோலால் வட்டமாக நறுக்கிவிட்டால், காற்று கூர்முனையைப் பிடித்துத் தூக்காது. தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கி மேலே போனால், மேல் துண்டு கீழ்த் துண்டின் மீது படிந்து, நீர் இடையில் புகாமல் வழிந்தோடும். ஒவ்வொரு துண்டையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வாருங்கள். திருகாணித் தலைகளைச் சுற்றி டேப் பள்ளத்தில் இறங்கி ஒட்ட வேண்டும். ஆனிங் ரயிலாக இருந்தால், கூரையோடு அது சேரும் மேல் விளிம்பை மட்டும் மூடுங்கள். கீழ் விளிம்பை அப்படியே திறந்து விடுங்கள். உள்ளே ஏற்கெனவே புகுந்த நீர் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கும். அதையும் அடைத்தால் நீர் முழுவதும் மரத்துக்குத்தான் போகும்.

கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மயிரிழை விரிசல் மட்டும்தான் என்றால், தானாக ஊடுருவிச் செல்லும் அக்ரிலிக் திரவம் ஒன்று படகுக் கடைகளில் கிடைக்கும். அதை விரிசல் மேல் விட்டு, உலர்ந்ததும் மறுபடி விட்டு, இனி உள்வாங்கவில்லை என்ற நிலை வரும் வரை தொடர வேண்டும். அகன்ற இடைவெளிக்கு அது உதவாது.

இப்போது சிலிக்கான் விஷயம். முதலாவதாக, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தச் சீலண்டும் ஒழுங்காக ஒட்டாது. பட்டறைக்காரர் அதைச் சுரண்டி எடுக்கச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவதாக, வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது அலுமினியத்தை அரிக்கும். மூன்றாவதாக, மேலோட்டமாகப் பூசிய சிலிக்கான் இரண்டு மழைக்குத் தாங்கி, அதற்குள் கசிவு நின்றுவிட்டது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடும். பட்டறை நாளைத் தள்ளிப்போட்டவர்களின் கேரவன்களில்தான் மிக மோசமான மர அழுகலைக் கண்டிருக்கிறேன். பாலியூரிதேன் பசைகளும் இந்த வேலைக்கு ஏற்றவையல்ல. அவை அருமையான பொருட்கள்தான். ஆனால் ஒருமுறை பிடித்தால் விடவே விடாது.

அடைத்ததோடு வேலை முடிந்துவிடாது. உள்ளே தங்கிய ஈரத்தை வெளியேற்றும் பணி ஆறு வாரமும் தொடர வேண்டும். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். மழையில்லாத நாளில் கூரை ஜன்னலைச் சற்றுத் திறந்து, மின் ஹீட்டரை மிதமாக ஓடவிடுங்கள். சொட்டும் இடத்தில் மின் இணைப்பு எதுவும் ஈரமாக இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். டீஹியூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால், குளிர்ந்த இடத்தில் கம்ப்ரசர் வகையைவிட உறிஞ்சு பொருள் கொண்ட டெசிகன்ட் வகையே நன்றாக வேலை செய்யும். அது ஓடும்போது மட்டும் ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். சமையல் கேஸ் அடுப்பை ஏற்றி உலர்த்த முயல்வது இரட்டைத் தவறு. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடும் சேரும்.

கேரவனின் முன்னால் உள்ள சிறிய தாங்கு சக்கரத்தின் உயரத்தைக் கூட்டி, அதன் மூக்கு சற்றே மேலே நிற்கும்படி வைத்தால், உங்கள் விஷயத்தில் முன் மூலையில் நீர் தேங்காமல் பின்னால் ஓடிவிடும். செலவில்லாத காரியம், டேப் ஒட்டுவதற்கு முன்பே, இன்றைக்கே செய்யலாம்.

கேள்வி: எங்கள் கேரவனில் காலையில் எழுந்தால் கூரை ஜன்னலைச் சுற்றி நீர்த்துளிகள் இருக்கின்றன. சில நாள் மழையே பெய்திருக்காது. இது கசிவா, மூச்சுக்காற்றின் ஈரமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: மழையில்லாத குளிர் இரவுக்குப் பிறகும் துளிகள் இருந்தால், அது பெரும்பாலும் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் படிவதுதான். நான்கு பேர் உறங்கும் சிறிய அறையில் அது இயல்பு. ஐயம் நீங்க ஒரு சோதனை செய்யலாம். சந்தேகமான சுவர்ப் பகுதியைத் துடைத்து, கையகல அலுமினியத் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டறைகளில் பொதுவாக 15 சதவீதம் வரை கவலையில்லை என்றும், 20 சதவீதத்தைத் தாண்டினால் ஆராய வேண்டும் என்றும், 30 சதவீதத்துக்கு மேல் போனால் மரம் கெட்டிருக்கக்கூடும் என்றும் கொள்வார்கள். ஒரே ஓர் அளவை நம்பாதீர்கள். அளந்த இடத்தில் சிறு காகித டேப் ஒட்டி, தேதியையும் எண்ணையும் எழுதிவைத்து, மறுவாரம் அதே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது.

கேள்வி: லேக் டிஸ்ட்ரிக்டில் விடுமுறையில் இருக்கிறோம். மரக்கிளை விழுந்து கூரை ஜன்னலின் பிளாஸ்டிக் மூடியில் நீண்ட வெடிப்பு. இங்கோ விடாமல் மழை. நாளை மறுநாள் பர்மிங்ஹாமுக்கு இழுத்துச் செல்ல வேண்டும். தாங்குமா? (வாசகர், கெஸ்விக்கிலிருந்து)

பதில்: ஒழுங்காகக் கட்டினால் தாங்கும். இங்கிலாந்திலேயே அதிக மழை பெறும் பகுதியில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அருகிலுள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். ஆகவே உலர்ந்த நேரத்துக்காகக் காத்திருக்காமல், ஒருவர் பெரிய குடையோ பிளாஸ்டிக் விரிப்போ பிடித்துக்கொள்ள, மூடியைத் துணியால் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். வெடிப்பின் மேல், அகலமான, ஒளிபுகும் நீர்ப்புகா டேப்பை வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். மூடி திறக்கும் வகையாக இருந்தால் உட்பக்கத்திலும் ஒட்டலாம்.

சாலையில் செல்வதற்கு இது மட்டும் போதாது. இழுத்துச் செல்லும்போது மோட்டார்வேயில் உங்களுக்கு அனுமதி மணிக்கு 60 மைல். அந்த வேகக் காற்று, முன்னோக்கி இருக்கும் எந்த டேப் விளிம்பையும் உரித்துவிடும். எனவே வெடிப்பு எத்திசையில் ஓடினாலும், கடைசித் துண்டு ஒன்றை மூடியின் முன் விளிம்பில் குறுக்காக ஒட்டி, மற்றத் துண்டுகளின் முனைகள் அனைத்தும் அதற்கு அடியில் வரும்படி செய்யுங்கள். மூடியின் பூட்டுகள் அனைத்தும் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் உட்புறக் கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். தார்ப்பாயைக் கூரை மேல் கட்டி ஓட்டிச் செல்வதை அறவே தவிர்க்கவும். அது பிய்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. 50 மைலுக்குள் ஓட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி டேப்பைப் பாருங்கள். இந்த மூடிகள் பெரும்பாலும் தனியாகவே விற்கப்படுகின்றன. சட்டத்தில் உள்ள தயாரிப்பு எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டால், வழியிலிருந்தே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

கேள்வி: கசிவு எங்கே என்று தெரியவில்லை. வசந்த காலம் வரை முழுக் கேரவனையும் தார்ப்பாயால் மூடி வைத்துவிடலாமா? வார இறுதியில் மட்டும் நானும் என் கணவரும் அதில் தங்குவோம். (வாசகி, லூட்டன்)

பதில்: மூடலாம், மூடிய கேரவனில் தங்கக் கூடாது. தரையிலும் பக்கச் சுவரிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகள், கேஸ் கசிந்தால் வெளியேறவும் நீங்கள் மூச்சுவிடவும் வைக்கப்பட்டவை. தார்ப்பாய் அவற்றையும் ஹீட்டரின் புகைவழியையும் அடைத்துவிட்டால், உறக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடுக்கு ஆளாக நேரிடும். எனவே தங்கும் நாட்களில் தார்ப்பாயை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பிஎஸ் இஎன் 50291-2 என்ற தர எண் உள்ள கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளே இருக்கட்டும்.

மூடும் முறையிலும் கவனம் தேவை. சாதாரண நீலத் தார்ப்பாய் காற்றில் ஓயாமல் அடித்துக்கொண்டு, அக்ரிலிக் ஜன்னல்களையும் பெயின்ட்டையும் அரம் போட்டதைப்போல் தேய்த்துவிடும். ஈரத்தையும் வெளியே விடாது. கூரையை மட்டும் மூடி, பக்கங்களில் ஓரளவு இறக்கி, மூலைகளில் பழைய துண்டுகளை மடித்து வைத்துக் கட்டுங்கள். நடுவில் நீர் தேங்காதபடி இறுக்கமாக இருக்கட்டும். செலவு செய்ய முடியுமானால், ஈரத்தை வெளியே விடும் துணியில் தைத்த கேரவன் உறையே சிறந்தது. ஆனால் அந்த உறையும் கனமழையை முற்றிலும் தடுக்காது என்பதால், கசிவுள்ள கேரவனுக்கு அது மட்டும் போதாது. கசிவு எங்கே என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பட்டறையில் கண்டுபிடிக்க முடியும். சில இடங்களில் கேரவனுக்குள் காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தி, வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்து, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். வசந்தம் வரை தள்ளிப்போடாமல் இந்தச் சோதனைக்கு மட்டுமாவது இப்போதே நாள் வாங்குங்கள்.

கேள்வி: நாமே டேப் ஒட்டினால் உத்தரவாதமோ இன்ஷூரன்ஸோ பாதிக்கப்படுமா? (வாசகர், கிராய்டன்)

பதில்: உத்தரவாதக் காலத்துக்குள் உள்ள கேரவன் என்றால், டேப்பைத் தொடும் முன் விற்ற நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீர்க்கசிவுக்கான உத்தரவாதம் பொதுவாக ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து ஈரச் சோதனையைப் பதிவு செய்திருந்தால்தான் செல்லும். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் புயலாலோ கிளை விழுந்தோ திடீரென ஏற்பட்ட சேதத்தை ஏற்பதுண்டு. மாஸ்டிக் காய்ந்து படிப்படியாக வந்த கசிவைத் தேய்மானம் என்று கூறி மறுப்பதே வழக்கம். மேலும் சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பல பாலிசிகளில் இருக்கும் என்பதால், உரித்து எடுக்கக்கூடிய டேப் உங்களுக்குப் பாதகமாகாது. ஒட்டும் முன்பும் ஒட்டிய பின்பும் தேதியுடன் புகைப்படம் எடுங்கள். டேப் வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, 1999 முதல் நடந்துவரும் அங்கீகாரத் திட்டமான அப்ரூவ்டு வொர்க்‌ஷாப் ஸ்கீமில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்கு விலை சொல்லும்போது, ரயிலைக் கழற்றி, பழைய மாஸ்டிக்கை முழுவதும் சுரண்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளோடு மறுபடி பொருத்துவார்களா, அல்லது மேலே பூசிவிட்டு அனுப்புவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.